காப்பாற்றப்பட்ட நிலம்

மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கம், பழைய தோட்டத்தை ஒட்டிய அரசு நிலத்தில் லோகேஸ்வரியும் அவள் கணவன் உடையப்பனும் கத்திரியும் வெண்டையும் போட்டுப் பிழைத்துவந்தார்கள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறிய சில குடும்பங்கள் அங்கே புதர் வெட்டி, கால்வாய் தோண்டி, குடிசை போட்டு, அந்த நிலத்தை விளைய வைத்திருந்தன. பட்டா கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள்.

ஒரு வீடமைப்பு நிறுவனம் அந்த நிலத்தின்மேல் கண் வைத்தது. காலி செய்தால் குடும்பத்துக்கு ஒரு மலிவு அடுக்குமாடி வீடு என்றது. பக்கத்துக் கொல்லைக்காரி புஷ்பா கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாள். லோகேஸ்வரிதான் தடுத்தாள்.

“மூணாவது மாடியில போயி எங்க வெண்டக்கா நடுவ? வெவசாய நெலத்தக் காப்பாத்த சட்டம் கொண்டாராங்க. கொஞ்சம் பொறு லா.”

சொன்னதோடு நிற்கவில்லை. வீடு வீடாக ஆள் சேர்த்தாள். சட்டம் பற்றிக் கருத்துக் கேட்க வந்த விசாரணைக் குழுவின் முன் மலாயில் தடுமாறாமல் பேசினாள். சட்டம் நிறைவேறிய அன்று சட்டமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். வீடமைப்பு நிறுவனம் வேறிடம் பார்த்துப் போனது.

மழைக்காலம் முடிந்ததும் நில அலுவலக அதிகாரி ரவீந்திரன் வந்தான். அவனும் தோட்டத்துப் பிள்ளைதான். கொடுத்த தேநீரைத் தொடாமலே பேசினான்.

“அக்கா, இனிமே இது வெவசாயத்துக்கு மட்டும்தான். யாரும் வீடு கட்ட முடியாது.”

“அதுக்குத்தானே தம்பி இந்தப் பாடு பட்டோம்.”

“பட்டாவோ குத்தகையோ இருந்தாதான் வெவசாயின்னு பதிவு பண்ண முடியும். ஒங்களுக்கு ரெண்டும் இல்ல. குத்தகைய ஒரு கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்க. கூடாரம் போட்டு மெலன் பழம் போடப் போறாங்க.”

“அப்ப நாங்க இத்தன வருசம் செஞ்சது என்னா?”

ரவீந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். “சட்டம் நெலத்துக்குத்தான்கா. ஆளுங்களுக்கு இல்ல.”

லோகேஸ்வரி சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க ஓடினாள். அவருடைய உதவியாளன்தான் கிடைத்தான். “நீங்க கேட்ட சட்டம்தானே ஆன்ட்டி,” என்றான்.

மண்வாரி இயந்திரம் வந்தபோது கத்திரி பூத்திருந்தது. உடையப்பன் கைக்கு எட்டிய காய்களைப் பறித்துச் சாக்கில் போட்டான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. விவசாய நிலத்தில் குடியிருப்பு கூடாது என்று குடிசைகளையும் பிரித்துப் போட்டார்கள்.

புஷ்பா, புக்கிட் பெருந்துங்கில் மகன் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குப் போக லோரியில் ஏறினாள்.

“அன்னைக்கு ஒம்பேச்சக் கேக்காம இருந்திருந்தா எனக்குன்னு ஒரு வூடு இருந்திருக்கும், லோகு.”

லோரி போன பிறகும் லோகேஸ்வரி அங்கேயே நின்றிருந்தாள்.

உடையப்பன் அதே கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்தான். அவளையும் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்று கோலசிலாங்கூரில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவப் போனாள்.

மெலன் பண்ணையின் திறப்பு விழா முடிந்து, விருந்தினர்கள் அந்தக் கடைக்கே சாப்பிட வந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் அவளை அடையாளம் கண்டு எழுந்து வந்தார்.

“இவங்கதான் அந்த நிலத்தக் காப்பாத்தின அம்மா!” என்று உடனிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினார்.

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.