கீப்பர் கிளவுஸ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதையை நான் ஒரு பேருந்தில் திருடினேன். பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை வண்டி. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் தலையணை மாதிரி ஒரு தோல் கிளவுஸை வைத்துக்கொண்டு, பிரிந்த தையலைத் தடித்த நூலால் தைத்துக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் விரலில் குத்திக்கொண்டார். எனக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாது. கேட்டுவிட்டேன்.

"பேஸ்பால் கிளவுஸ்ங்க. கேட்சர் போடறது, எங்க பிள்ளைங்க கீப்பர்னுதான் சொல்லும். ஒண்ணுதான் இருக்குது, ரெண்டு பொண்ணுங்க மாத்தி மாத்திப் போடறாங்க" என்றார்.

சிப்காட் ஓரத்து அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாராம். அவர் சொன்னது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. விக்டோரியா என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

2

தொழிற்சாலைப் புகைபோக்கிகள் வானத்தை

(வேண்டாம். புகைபோக்கிக்காக யாரும் கதை படிப்பதில்லை.)

அமெரிக்க வரைபடத்தின் முன் நின்ற விக்டோரியா

(அந்தப் பள்ளியில் அப்படி ஒரு வரைபடம் கிடையாது.)

சரி, நேராகவே சொல்கிறேன். பக்கத்துக் கம்பெனி ஒன்று பள்ளிக்கு ஒரு பெட்டி கொடுத்தது. கிரிக்கெட் சாமான் என்று பிரித்தால் பேஸ்பால். இரண்டு மட்டை, ஒன்பது கிளவுஸ். பி.டி. வாத்தியார் பணியிடம் காலி, ஆகவே பெட்டி விக்டோரியாவின் தலையில் விழுந்தது. விதிகளைத் தேடப் போனவருக்கு வரலாறு மாட்டியது. அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனார்.

"அப்பல்லாம் அமெரிக்காவுல வெள்ளக்காரங்க ஆடற பெரிய லீக்ல கறுப்பினத்தவங்கள சேத்துக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தனி டீம், தனி லீக். எத்தனையோ வருஷம் அப்படித்தான். 1947ல ஒருத்தர் உள்ள வந்தார்."

"நமக்கு சொதந்திரம் வந்த வருஷம் மிஸ்!"

"ஆமா. ஆனா அவருக்கு ஒரு கண்டிஷன். யாரு இன்னா திட்டினாலும் திருப்பி அடிக்கக் கூடாது. பொறுத்துக்கினு ஆடணும்."

வகுப்பு உச்சுக்கொட்டியது. முன்பெஞ்சு ஹேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இளகின மனசுக்காரி. பின்பெஞ்சு மோனிகா மட்டும் எழுந்து கேட்டாள்: "கூட ஆடனவங்க இன்னா பண்ணாங்க மிஸ்?"

"சில பேர் அவரோட ஆட மாட்டோம்னு மனு எழுதினாங்க. சில பேர் பக்கத்துல நின்னாங்க. நெறைய பேர் சும்மா இருந்தாங்க."

மோனிகா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

3

ஹேமாவதியின் வீடு ஊரில். மோனிகாவின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், காலனியில். இரண்டு அப்பாக்களும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். மோனிகாவின் தாத்தா ஹேமாவதி வீட்டு வயலில் கூலிக்குப் போனவர். வயல் இப்போது யாருடைய கிடங்கோ.

பதினெட்டுப் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆட ஒன்பதே கிளவுஸ் என்பதால், பக்கம் மாறும்போது இவர்கள் கழற்றிப் போட, அவர்கள் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.* கீப்பராக நிற்பவர் போடும் பெரிய கிளவுஸ், மோனிகாவின் கையிலிருந்து ஹேமாவதியின் கைக்குப் போகும். உள்ளே ஈரமாக இருக்கும்.

(* அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் மட்டை பிடிக்கப் போகிறவர்கள் கிளவுஸைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போவார்களாம். ஆனால் எதிரணிக்காரர்கள் அதை மாட்டிக்கொண்டதாக நான் படிக்கவில்லை. அது நம் பள்ளியின் பற்றாக்குறை கண்டுபிடித்தது.)

இரண்டாம் வாரம் விக்டோரியா பார்த்தார். ஹேமாவதி பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து, இடது கையில் போட்டுக்கொண்டு, அதன்மேல் கிளவுஸை மாட்டினாள்.

"இன்னா ஹேமா அது?"

"வேர்வை மிஸ். அம்மா குடுத்தாங்க."

முந்தின நாள் மோனிகாவுக்குப் பதிலாக நின்ற ஊர்ப் பெண் ரோஜா போட்டுக் கழற்றிய அதே கிளவுஸை அவள் வெறுங்கையால்தான் மாட்டினாள் என்பது விக்டோரியாவுக்கு நினைவு வந்தது. கவருக்குள் கை வழுக்கி, ஹேமாவதி மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டாள். யாரோ சிரித்தார்கள். மோனிகா சிரிக்கவில்லை. அடுத்த முறை பக்கம் மாறும்போது, அவள் கிளவுஸைக் கழற்றி, தன் துப்பட்டாவை உள்ளே விட்டு, ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்துவிட்டுத் தரையில் வைத்தாள்.

விக்டோரியாவுக்குக் கவரைவிட அந்தத் துடைப்புதான் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

4

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவர்மேல் கோபப்பட்டேன். பிறகு ஒரு காரணம் எழுதினேன். விக்டோரியா பிறந்ததும் காலனியில்தான், பள்ளிப்பட்டுப் பக்கம். பெரியபாளையத்தில் வாடகை வீட்டின் சொந்தக்காரர், "நீங்க இன்னா ஆளுங்கம்மா?" என்று கேட்டபோது, "பள்ளிப்பட்டுங்க" என்று ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பித்தவர். பள்ளியிலும் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி திரும்ப வரும்.

(நிஜத்தில் அவர் எந்தத் தெரு என்று பேருந்தில் எனக்கும் கேட்க நாக்கு துருதுருத்தது. என்னையே எனக்குப் பிடிக்காமல் போன நிமிடம் அது.)

தலைமையாசிரியர் மணவாளனிடம் மட்டும் கவர் விஷயத்தைச் சொன்னார். நல்ல மனிதர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது.

"கவருக்கெல்லாம் மீட்டிங் போட்டா பேஜாரு டீச்சர். சனிக்கிழம திருவள்ளூர்ல மேட்ச் இருக்குது. அதப் பாருங்க."

5

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் விக்டோரியா மோனிகாவை மரத்தடிக்குக் கூப்பிட்டு, "அந்த ஆட்டக்காரர் எப்படிப் பொறுத்துக்கினார், பாத்தல்ல?" என்று தொடங்குகிறார். நான்காவது முறை மோனிகா என்னை மேலே எழுதவிடவில்லை.

"அவரு பொறுத்துக்கினாரு, டீம்ல சேத்துக்கினாங்க மிஸ். நான்தான் டீம்ல கீறனே. நான் இன்னாத்துக்குப் பொறுத்துக்கணும்?"

விக்டோரியா அடுத்ததாகச் சொல்ல நான் எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டேன்.

"சனிக்கிழம நான் வர்ல. கிளவுஸ அவளே வெச்சிக்கட்டும்."

அவளை மாதிரி பந்து பிடிக்க அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. அவளுக்கும் அதைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லை. அதனால்தான் சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

6

முடிவுகள்.

அ. ஹேமாவதி மனம் திருந்தி, கவரைக் கிழித்தெறிந்து, மோனிகாவைக் கட்டிக்கொண்டு

(உங்களுக்கும் நம்பிக்கை வராது.)

ஆ. மணவாளன் சிரித்த முகமாக வருகிறார். "பிரச்சனையே இல்ல டீச்சர், கம்பெனிக்கு லெட்டர் போட்டேன். இன்னொரு கீப்பர் கிளவுஸ் வந்துருச்சி. ஆளுக்கு ஒண்ணு." மோனிகா மேட்சுக்கு வருவாள். ஹேமாவதிக்குக் கவர் வேண்டாம். யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

நடக்கக்கூடியது இதுதான். நடந்திருக்கும் என்றுகூடச் சந்தேகப்படுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பார்சல் விக்டோரியாவின் மேசைமேல் இருந்தது. புதுத் தோல் வாசனை அட்டைக்குள்ளிருந்தே அடித்தது. தனி டீம், தனி லீக் என்று வகுப்பில் தன் வாயால் சொன்னதெல்லாம் இப்படித்தான், பிரச்சனை இல்லாமல், ஆளுக்கொன்றாகத் தொடங்கியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பார்சலைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போனார்.

இ. மோனிகா நான்கு மணி வரை கீப்பராக நின்றாள். கடைசிப் பயிற்சி என்பதால் டீம் பிள்ளைகள் கெஞ்சி நிற்கவைத்தார்கள். பக்கம் மாறியது. அவள் துப்பட்டாவை எடுத்தாள்.

"துடைக்காத. குடு" என்றார் விக்டோரியா.

அவளிடமிருந்து வாங்கி, ஈரத்தோடு தன் கையில் மாட்டிக்கொண்டார். புடவையைச் செருகிக்கொண்டு குந்தினார். ஐந்து பந்து வந்தது. இரண்டைப் பிடித்தார், ஒன்று தோளில் பட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். மூச்சு வாங்க எழுந்து, கிளவுஸைக் கழற்றி ஹேமாவதியிடம் நீட்டினார்.

ஹேமாவதிக்கு விக்டோரியா மிஸ் என்றால் உயிர். தினமும் மிஸ் டப்பாவிலிருந்து ஒரு வாய் வாங்கித் தின்பவள். சந்தோஷமாகக் கையை நீட்டினாள்.

"இரு ஹேமா" என்றார் விக்டோரியா. "போடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிக்கோ. எங்க ஊர்ல நானும் காலனிதான். மோனிகா வூடு மாதிரிதான் எங்க வூடும். இப்ப சொல்லு. கவர் வேணுமா?"

மோனிகா, மரத்தடிப் பேச்சுக்குப் பிறகு முதல்முறையாக, மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்குள் செய்தி ஊருக்குப் போகும், திங்கட்கிழமை பள்ளி வாசலில் ஆட்கள் நிற்பார்கள், பெரியபாளையத்து வீட்டுக்காரர் காதுக்கும் எப்படியும் எட்டும். விக்டோரியாவுக்கு எல்லாம் தெரியும். கிளவுஸை மட்டும் கீழே இறக்கவில்லை.

ஹேமாவதியின் கை பாதியில் நிற்கிறது. இன்னொரு கை பையில் கவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று வயது. அம்மா சொன்னது ஒரு பக்கம், தின்ற சோறு ஒரு பக்கம்.

எந்தக் கை அசைந்தது என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அந்தப் பிள்ளையை மெச்சிவிட்டோ, திட்டிவிட்டோ வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். விக்டோரியாவுக்குக் கை வலிக்கிறது. அந்தக் கிளவுஸ் கனமானது. யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.