சரித்திரத்துக்குச் சரியான கை

என் வலது கையின் மேல் சத்தியம் செய்து சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் என்று யாராவது நிரூபித்தால் இந்தக் கையை வெட்டிக் கொடுத்துவிடுகிறேன். வெட்டுவதற்கான வாளும் இந்தக் கதையிலேயே வருகிறது.

கிறகரி எங்கள் திருகோணமலைப் பெடியன். பெடியன் என்றால் ஐம்பத்திரண்டு வயது. மொன்றியலில் வீடுகளுக்கு வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படிகளுக்கு வெல்டிங் செய்கிறவன். செயின்ட்-மிஷேலில் என் வீட்டுக்குப் பின்னால் அவனுடைய பட்டறை. என் மனிசி காலமான பிறகு, காலை எட்டு மணிக்கு ஒரு குரல் என்னைக் கூப்பிடுகிறது என்றால் அது அவனுடையதுதான். "சூசையண்ணை, தேத்தண்ணி ஆறுது!" நாலு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை.

அப்படிப்பட்டவன் போன மாரியில் ஒரு குண்டைப் போட்டான். "அண்ணை, இந்த வாள் வேலை சரிவராட்டி பட்டறையைப் பூட்டிப்போட்டு டொரொன்டோவுக்குப் போறன். படிக்கம்பி வளைச்சு வளைச்சு அலுத்துப்போச்சு."

வாள் வேலை இதுதான். 1759இல் கியூபெக்கில் நடந்த சண்டையை ஆண்டுதோறும் வேடம் கட்டி நடித்துக் காட்டும் கழகம் ஒன்று இருக்கிறது. அதில் ஸ்கொட்லாந்துச் சிப்பாய்களாக வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு வாள் வேண்டும். பிடியைச் சுற்றி இரும்புக் கம்பியால் கூடை பின்னிய வாள். கை கூடைக்குள் இருக்கும், எதிரியின் வெட்டு விரலில் படாது. கிறகரி படத்தைப் பார்த்தான். பால்கனிக் கம்பியைச் சின்னதாக வளைத்தால் கூடைதானே? ஒரு மாதிரி வாளைச் செய்து முடித்தான்.

அதைச் சரிபார்க்க வந்தவர் பிரியம்வதா. சென்னைக்காரர், பழைய ஐரோப்பிய ஆயுதங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து கார் ஓட்டி வந்து, குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வாளைத் தராசில் வைத்தார்.

"ரெண்டரை கிலோ! மிஸ்டர் கிறகரி, இது வாளா, கடப்பாரையா? ஒரிஜினல்ல பாதிதான் இருக்கும்."

"குறைக்கலாம் மேடம்."

"அது போகட்டும். கூடை ஏன் இவ்ளோ பெருசு? உள்ள ஒரு பூசணிக்காய் வைக்கலாம் போலிருக்கே."

"கையுறைக்கு இடம் விட்டனான்."

"எந்தக் கையுறை?"

"மேடம், இது கியூபெக். கையுறை இல்லாம எவன் வாளோட வெளியில வருவான்? விரல் விழுந்திடும்."

பிரியம்வதா வாளைத் தராசிலிருந்து இறக்கினார். "சண்டை நடந்தது செப்டம்பர்ல."

"எனக்குச் செப்டம்பரிலயும் குளிரும்," என்றான் கிறகரி.

பிழை அவனுடையது மட்டுமல்ல என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னார். கடையில் விற்கிற நகல் வாள்கள் பலவற்றிலும் கூடை பெருத்துத்தான் கிடக்குமாம். நிஜ வாளில் அது கையோடு ஒட்டி நிற்கும், உள்ளே தோல் வைத்திருக்கும். பழைய வாள் ஒன்றின் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று கிழமையில், இருபத்தோராம் நாள் வருவேன், அளவும் சரியாக இருக்க வேண்டும், கையில் பிடித்துச் சுழற்றியும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழகத்துக்கு 'வேண்டாம்' என்று எழுதிவிடுவேன் என்றார்.

கிறகரி இம்மியும் பிசகாமல் செய்தான். முடித்த சந்தோஷத்தில் கையை உள்ளே விட்டான். கை போனது. திரும்பி வரவில்லை.

சவர்க்காரம் போட்டோம். மாஜரின் பூசினோம். நல்லெண்ணெய்ப் போத்தல் முழுவதையும் ஊற்றினோம். பட்டறை முழுக்கத் தோசை மணம் வந்தது, கை வரவில்லை.

"வெட்டட்டா?" என்றேன்.

"என்ர கையையா?"

"கூடையை."

"ரெண்டரைக் கிழமை வேலை அண்ணை! கையை வேணுமெண்டா வெட்டுங்கோ, கூடையைத் தொடாதேங்கோ!"

அப்படியே மூன்று நாள் திரிந்தான். மெட்ரோவில் ஏறினோம். நிற்கவே இடமில்லாத நேரம், எங்கள் இருவருக்கும் எட்டு இருக்கை கிடைத்தது. எழுந்தவர்களுக்கெல்லாம் கிறகரி மரியாதையாக 'மெர்சி' சொன்னான். ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்று பாதர் சொன்னதும், பழக்கத்தில் வலது கையை நீட்டினான். முன்வாங்கில் இருந்த ஏழு பேர் அன்றைக்கே பாவசங்கீர்த்தனம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் மைனஸ் முப்பத்தொன்று. வாசலில் இடது கையால் பனி வழித்துக்கொண்டு நின்றான். குளிரில் வலது கை ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் தானாகவே வழுக்கி வெளியே வந்தது. வாள் பனிக்குள் குத்திட்டு நின்றது.

மறுநாள் பிரியம்வதா வந்தார். நிறுத்தார், அளந்தார், கூடைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "பிரமாதம்! இப்போ பிடிச்சுக் காட்டுங்க."

கிறகரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "தோள் நோகுது மேடம்."

"பிடிக்க முடியாத வாள் வாளே இல்ல. வேற யாரும் இல்லையா?" அவர் பேனையைத் திறந்தார்.

அந்தப் பேனை தாளை நோக்கி இறங்குவதைப் பார்த்தேன். டொரொன்டோவைப் பார்த்தேன். நாளைக்குக் காலை எட்டு மணியையும் பார்த்தேன். அதில் ஒரு சத்தமும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என் கையைக் கூடைக்குள் விட்டேன்.

சொந்த வீட்டுக்குள் போவதுபோலப் போனது. வெளியே எடுத்தேன், வந்தது. மறுபடி விட்டுச் சுழற்றினேன். பட்டறைச் சுவரில் இருந்த அந்தோனியார் படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியின் சுடரை மட்டும் ஒரே வீச்சில் நறுக்கினேன். சுடர் நிலத்தில் விழுந்து இன்னும் கொஞ்ச நேரம் எரிந்தது.

பிரியம்வதா வாளை மறந்துவிட்டு என் கையை அளந்தார். மூன்று தரம். "சார், இருநூத்தறுபது வருஷமா இந்தச் சைஸ்ல ஆம்பளைக் கையே கிடையாது. இது சரித்திரத்துக்குச் சரியான கை!" கழகத்துக்கு 'சரி' என்று எழுதினார்.

பன்னிரண்டு வாளும் என் கைக்குப் பொருத்தம் பார்த்தே பட்டறையை விட்டுப் போயின. கழகத்துக்காரர் சின்னக் கைக்காரராகத் தேடிப் பிடித்ததில் ஒன்பது பேர் பெண்கள். தாடி ஒட்டிச் சண்டைக்கு அனுப்பினார்கள். நன்றாகத்தான் வெட்டினார்களாம்.

கிறகரி டொரொன்டோவுக்குப் போகவில்லை. இன்றைக்கும் எட்டு மணிக்குக் கூப்பிட்டான்.

பூசையில் நன்றி சொல்லும் நேரம் வரும்போது, அந்தப் பழைய வாளைப் பிடித்திருந்த, பெயர் தெரியாத ஒரு ஸ்கொட்லாந்துச் சிப்பாயை நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குக் கை சின்னதாக இருந்தபடியால்தான் எனக்குக் காலையில் சூடாகத் தேத்தண்ணி கிடைக்கிறது. திறந்த பேனையால் நல்லதை எழுதிய பிரியம்வதாவையும் நினைக்கிறேன். கிறகரிக்கு மட்டும் நேரில் நன்றி சொன்னதில்லை. சொன்னால், "உங்களுக்கு விசரே அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்பான். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த நத்தார்ப் பண்டிகைக்கு அவன் எனக்கு ஒரு சோடி கையுறை வாங்கித் தந்தான். கடையில் இருந்ததிலேயே ஆகப் பெரிய அளவு அதுதான். என் கை அதற்குள்ளும் போகவில்லை. வெட்டத்தான் வேண்டும் என்றால், எட்டு மணித் தேத்தண்ணி முடிந்த பிறகு வாருங்கள்.