'ஆனா' சொல்லக் கூடாத நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பாள் என் மகள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

மருந்து கம்பெனியில் தரப் பரிசோதனை என் பொறுப்பு. குழந்தைகளின் வலிப்புக்கு ஒரு புது சிரப் தயாராகிக்கொண்டிருந்தது. மருத்துவச் சோதனைக்குப் பெற்றோர் ஒப்புக்கொண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க, முதல் பாட்டில்கள் மதியம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்தால், மருந்து அடியில் கெட்டியாகப் படிந்துகிடக்கிறது. குலுக்கு குலுக்கென்று குலுக்கினாலும் கரையவில்லை. முதல் ஸ்பூனில் மருந்தே இருக்காது, கடைசி ஸ்பூனில் அளவுக்கு மீறி இருக்கும். வலிப்பு வரும் பிள்ளைக்கு இரண்டுமே ஆபத்து.

பாட்டிலோடு மாடிக்கு ஓடினேன். அங்கே எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் சேர்த்துத் தலைமைப் பயிற்சி; என் பெயரும் பட்டியலில் உண்டு. ஃபோன்களை எல்லாம் வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு, காகிதக் கப்புகளால் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூத்துதான்!

"சிரப்பை அனுப்பக் கூடாது" என்றேன்.

சடசடவென்று எல்லாரும் கைதட்டினார்கள். பயிற்சியாளர் சிரித்தார். "இன்னைக்கு 'கூடாது', 'இல்ல', 'ஆனா' எதுவும் கிடையாது மேடம். சொன்னா கைதட்டி உக்கார வெச்சிடுவோம். 'ஆமா, அதோட'ன்னு ஆரம்பிங்க."

"ஆனா சார், பிள்ளைங்க உயிரு..."

மறுபடி கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இவர்கள் பாஷையிலேயே சொல்லித் தொலைப்போம் என்று நினைத்தேன்.

"ஆமா, அனுப்பலாம். அதோட, கடைசி ஸ்பூன் குடிக்கிற குழந்தை மயங்கி விழும்."

"சூப்பர்!" என்றார் பயிற்சியாளர்.

உற்பத்தி மேலாளர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "மேடமே அனுப்பலாம்னுட்டாங்கப்பா! எப்பவும் முட்டுக்கட்டை போடுறவங்க!" என்று கூடையிலிருந்து ஃபோனை எடுத்து, "வண்டில ஏத்துங்க" என்றார்.

அடப்பாவி! அவர்கள் கோபுரத்தை உடைத்து ஒரு கப்பை எடுத்தேன். பாட்டிலைக் கவிழ்த்தேன். தண்ணீர் போல ஏதோ வழிந்தது. மருந்து அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கப்பை மேலாளர் முன்னால் வைத்தேன்.

"இதுல மருந்து இல்ல. அது பூரா அடியில ஒட்டிக்கிடக்கு, கடைசி ஸ்பூனோட வரும். யாரு பிள்ளைக்குக் குடுக்கலாம், உங்க பிள்ளைக்கா? கைதட்டுங்களேன் இப்போ!"

ஒருவர் கையும் அசையவில்லை. மேலாளர் மறுபடி ஃபோனை எடுத்தார். "ஏத்தாதீங்க, ஏத்தினதையும் இறக்குங்க" என்று கத்தினார்.

வண்டி காலியாக நின்றது. மறுநாள் பயிற்சியாளரின் அறிக்கை வந்தது. எல்லாரும் தேர்ச்சி. என் பெயருக்கு நேராக மட்டும், 'எதிர்மறைச் சிந்தனை. தலைமைப் பண்பு போதாது.'

வீட்டில் மகள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னம்மா இது, அங்கேயும் போய் 'கூடாது, கூடாது'ன்னே சொன்னியா?"

"ஆமாடி" என்றேன். "அதோட, நாளைக்கும் சொல்லுவேன்."