இரண்டாவது துடுப்பு

கிரேக்கத்தின் சிமி தீவுக்குக் கப்பலில் வந்திறங்கிய ஏழு பேரைப் பாந்தெலிஸ் தன் படகில் ஒரு குடாவுக்குக் கூட்டிப்போய், ஆசை தீர நீந்தவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பாதி வழியில் இஞ்சின் நின்றுபோனது. எவ்வளவு முயன்றும் உயிர் வரவில்லை. துறைமுகத்திலிருந்து, புறப்படத் தயாரான அவர்களுடைய கப்பலின் சங்கு ஊதியது. படகில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத நரைத்தலைக்காரி ஃபோதினி எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கத்தினா படகு நகருமா? ஒரு துடுப்பை இப்படிக் குடுப்பா."

"உங்களால முடியாதும்மா, எதிர்க்காத்து."

"குடுன்னா குடு!"

முதலில் அவளுக்காக மெதுவாக வலித்தான். சற்று நேரத்தில் அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவனுக்கே மூச்சிரைத்தது. கூச்சல் போட்டவர்கள் இப்போது கைதட்டித் தாளம் போட்டார்கள்.

கப்பலின் ஏணியை இழுப்பதற்குள் கரை சேர்ந்துவிட்டார்கள்.

"துடுப்பு வலிக்க எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"கஸ்தோரியா ஏரியில. அக்கரையில இருந்த பள்ளிக்கூடத்துக்கு நானேதான் வலிச்சுப் போவேன்."

கொப்புளம் கண்ட உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

"இந்தப் பயணத்துல இன்னிக்குத்தான்டா எனக்குக் கடல் கிடைச்சது!"

அவள் ஏணியேறி மறையும்வரை பாந்தெலிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.