பின்னிணைப்பு ஐந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாடக்குறிப்பு, தவணை அறிக்கை, ஓர் ஆய்வேடு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத ஒருத்தி, கதை என்று ஒன்றை எழுதி உங்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வது துணிச்சலான காரியம் என்பதை அறிவேன். ஆய்வேட்டில் நூற்றெண்பத்து நான்கு பக்கங்கள் எழுதினேன். அவற்றில் இடம்பெறாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதில் பிழைகள் காணப்படின் அவை என்னுடையவை. அடக்கத்துக்காக இப்படிச் சொல்லவில்லை.

என் பெயர் விதுர்ஷா. தேற்றாத்தீவைச் சேர்ந்தவள், ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கல்வி அளவீட்டிலும் மதிப்பீட்டிலும் முதுமாணிப் பட்டம் பெறுவதற்காகப் பதிவுசெய்தேன். சனியும் ஞாயிறும் மட்டக்களப்பு நகரில் வகுப்புகள் நடைபெற்றன. வலயக் கல்வி அலுவலகத்தில் பரீட்சைப் பிரிவுக்கு ஆலோசகராகச் செல்லலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது; அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், ஒரு பிள்ளை ஒரு வினாவுக்குப் பிழையாக விடையெழுதினால் அந்தப் பிழை பிள்ளையுடையதா, வினாவுடையதா என்று கேட்பதற்கே ஒரு துறை இருக்கிறது என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியும் பொய்யன்று.

ஆய்வுக்காக நான் எடுத்துக்கொண்டது நேரம். வலயம் ஐந்தாந் தரப் பிள்ளைகளுக்கு ஆண்டில் இருமுறை மாதிரிப் பரீட்சை நடத்தும். நாற்பது வினாக்கள், காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணித்தியாலம். கூடுதல் புள்ளி பெறும் நாற்பது பிள்ளைகளுக்கு நகரத்தில் விசேட வகுப்பு உண்டு. முத்திரையிட்ட வினாத்தாள் பொதிகளை வாவிக்குக் கிழக்கேயுள்ள அலுவலகத்தில் பரீட்சை நாள் காலையிலேதான் கொடுப்பார்கள். மேற்குக் கரையிலே, படுவான்கரையில், உள்ள சில பாடசாலைகளுக்கு அந்தப் பொதியைப் பாதையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் இயந்திர மிதவையையே நாங்கள் பாதை என்போம். பாதை பிந்தினால் பரீட்சையும் பிந்தும். ஆனால் எல்லாப் பாடசாலைகளிலும் சரியாகப் பத்து மணிக்கு விடைத்தாள்களை வாங்கிவிட வேண்டும் என்பது விதி. வினாக்கள் கைத்தொலைபேசி வழியாக வெளியே போய்விடும் என்பது அதற்குக் காரணம்.

அப்படியாயின் பிந்திய பாடசாலைகளின் பிள்ளைகள் எத்தனை நிமிடங்களை இழக்கிறார்கள்? இதுவே என் கேள்வி. அலுவலகத்தின் அனுமதியுடன் பன்னிரண்டு பாடசாலைகளின் மேற்பார்வைப் படிவங்களைப் பார்த்தேன். பன்னிரண்டிலும் தொடக்கம் 9.00, முடிவு 10.00 என்றிருந்தது. மழைநாளிலும் அப்படி, பாதை ஓடாத நாளிலும் அப்படி. பிறகுதான் தெரிந்தது, அந்தப் படிவத்தை முதல்நாளே நிரப்பிக் கையெழுத்திட்டு வைத்துவிடுவது எல்லோருடைய வழக்கம் என்று. நானும் என் பாடசாலையில் அவ்வாறே செய்திருக்கிறேன்.

எனவே உண்மையான நேரத்தை எழுதித் தருமாறு, தனித் தாள் ஒன்றை அச்சிட்டுப் பன்னிரண்டு மேற்பார்வையாளர்களிடமும் கொடுத்தேன். பதினொருவர் மிகுந்த மரியாதையுடன் அதை வாங்கிக்கொண்டு, அதிலும் 9.00 என்றும் 10.00 என்றும் எழுதித் தந்தார்கள்.

உண்மையை எழுதியவர் லோர்னா மிஸ் ஒருவரே.

புளியந்தீவில் வசிக்கும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர், வயது ஐம்பத்திரண்டு. பழுகாமத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய பாடசாலைக்குப் பதினான்கு ஆண்டுகளாகப் பேருந்திலும் பாதையிலும் போய்வந்துகொண்டிருந்தார். அவருடைய ஐந்தாந் தரத்தில் பதினொரு பிள்ளைகள். வலயத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி எதுவாயினும் சான்றிதழ்களில் பெயர் எழுதுவது லோர்னா மிஸ்தான். வட்ட வட்டமான எழுத்து; ‘ழ’கரத்தின் வால் மட்டும் கீழே இறங்கி ஒரு சுழி சுழித்து நிற்கும்.

தாளைக் கொடுப்பதற்காக அவரைப் பாதையில் சந்தித்தேன். கம்பியைப் பிடித்தபடி அதை வாசித்தார்.

"என்னகா புள்ள, நேரத்தையா கேக்கிறாய்? நான் என்னவோ சொத்து விபரம் கேக்கிறாயாக்கும் எண்டு பயந்திட்டன்."

"உண்மையான நேரம் வேணும் மிஸ். எனக்கு மட்டுந்தான்."

"உண்மைய எழுதினா நல்லரத்தினம் சேர் என்னைப் பாதையில இருந்து தள்ளி உட்டிருவார். மனிசனுக்கு நேரமெண்டா அவர்ட மணிக்கூட்டில இரிக்கிறதுதான்." நல்லரத்தினம் ஐயா பரீட்சைகளுக்குப் பொறுப்பான பிரதிப் பணிப்பாளர்.

"பேர், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் மறைச்சிருவன் மிஸ். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணா. கறுப்புப் பேனையால நல்லா அழிச்சிரு. அது போதும்."

முதற் பரீட்சையின்போது பாதை பிந்தியது. ஒன்பது இருபத்தைந்துக்குத் தொடங்கி, விதிப்படி பத்து மணிக்கு விடைத்தாள்களை வாங்கினார். பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் இறுதிப் பத்து வினாக்களைத் தொடவேயில்லை. அலுவலகத்தின் அனுமதியுடன் நான் பெற்ற அந்த விடைத்தாள்களை அவருக்குக் காட்டினேன். வெறுமையாகக் கிடந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். அன்று அவர் பகிடி எதுவும் பேசவில்லை. "இதுகள் எழுதத் தெரியாம உட்ட இல்ல, என்ன?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்குச் சான்றாக என்னிடம் ஒரு சூத்திரமும் இருந்தது. அதையும் அவருக்கு விளக்கினேன். அவ்வளவு ஆர்வத்துடன் விளக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டாம் பரீட்சையன்று பாதையின் இயந்திரம் நடு வாவியில் நின்றுவிட்டது. மறுநாள் லோர்னா மிஸ் என்னிடம் தந்த தாளில் இவ்வாறு எழுதியிருந்தது:

‘9.40க்குத் தொடங்கினோம். 10.40க்கு முடித்தோம். பாதை பழுது. பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலத்தை முழுதாகக் கொடுத்தேன். கைத்தொலைபேசி எதுவும் வகுப்பறைக்குள் இருக்கவில்லை. மழை தூறியது.’

அந்த ஒரு மணித்தியாலத்தில் பதினொரு பிள்ளைகளும் நாற்பதாவது வினாவரை வந்திருந்தார்கள். இருவர் வலயத்தின் முதல் நாற்பதுக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயர் கண்ணகை. முதற் பரீட்சையில் இருபத்தெட்டாவது வினாவோடு நின்றுபோன பிள்ளை அவள்.

என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் அந்தத் தாளை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். "மற்றப் பதினொரு தாளும் குப்பை. உங்கள் ஆய்வு இந்த ஒரு தாளில்தான் நிற்கிறது. இதன் பிரதியைப் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

சேர்த்தேன். பாடசாலைகளுக்கு அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளைக் குறியீடாக இட்டிருந்தேன். லோர்னா மிஸ்ஸின் பாடசாலை ‘ஐ’. பெயரையும் கையொப்பத்தையும் பாடசாலை முத்திரையையும் கறுப்புப் பேனையால் மூன்றுமுறை அழித்து, ஒளியில் பிடித்துப் பார்த்த பின்னரே பிரதியெடுத்தேன். பின்னிணைப்பு ஐந்து.

அனுமதிக் கடிதத்தில் அலுவலகம் என்னிடம் கேட்டிருந்தது இரண்டு பக்கச் சுருக்கம் மாத்திரமே. சுருக்கத்தை மட்டும் கொடுப்பது மரியாதைக் குறைவாக எனக்குப் பட்டது. உதவி செய்தவர்களுக்கு முழுமையானதைக் கொடுக்க வேண்டும் என்று எண்ணினேன். ஆலோசகர் பதவியும் நினைவில் இருந்திருக்கலாம். ஆய்வேட்டைக் கட்டுவித்து, ‘தங்களின் பேருதவிக்கு என்றென்றும் நன்றியுடையேன்’ என்று முதற் பக்கத்தில் எழுதி, நல்லரத்தினம் ஐயாவின் மேசையில் இரு கைகளாலும் வைத்தேன்.

ஒன்பது நாட்கள் கழித்து என்னை அழைத்தார். என் ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமைகள் இருந்தன.

"இரிங்க தங்கச்சி. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" மிகவும் கனிவாகப் பேசினார். "வாசிச்சன். நல்ல உழைப்பு. கணக்கு விளங்கல்ல, அது என்ட குறை. ஐஞ்சாம் பின்னிணைப்ப மட்டும் ரெண்டு தரம் வாசிச்சன்."

அவர் கையால் எதிரே காட்டினார்.

"அந்தச் சுவரைக் கொஞ்சம் பாருங்க."

சுவரில் அவருடைய சேவையைப் பாராட்டி வழங்கப்பட்ட மூன்று சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. மூன்றிலும் அவருடைய பெயர் வட்ட வட்டமான எழுத்தில் இருந்தது. கீழே ‘வாழ்த்துகிறோம்’ என்ற சொல்லில் ழகரத்தின் வால் இறங்கிச் சுழித்து நின்றது. என் ஆய்வேட்டை விரித்து அருகே பிடித்தார். ‘மழை தூறியது’, ‘பழுது’, ‘முழுதாக’. மழையிலும் பழுதிலும் முழுதிலும் அதே வால். பெயரை மூன்றுமுறை அழித்தவளுக்கு எழுத்தை அழிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை. மாதிரியெடுப்பு, நம்பகம், தகுதி என்று இரண்டு ஆண்டுகள் படித்தவள் நான். அந்தத் தாளைத் தட்டச்சு செய்து சேர்த்திருந்தால் போதும். மூல ஆவணம் கூடுதல் பெறுமதியானது என்று எண்ணிவிட்டேன்.

"ஆய்வு ஒழுக்கத்தின்படி பெயரைச் சொல்ல ஏலாது சேர்," என்றேன்.

"நான் பேர் கேக்கல்லையே." மேசை லாச்சியைத் திறந்து ஒரு மேற்பார்வைப் படிவத்தை எடுத்தார். லோர்னா மிஸ் அலுவலகத்துக்குக் கொடுத்தது. தொடக்கம் 9.00, முடிவு 10.00. கீழே கையெழுத்து. "இது ஒண்டு. உங்கட பின்னிணைப்பு ஒண்டு. ரெண்டில ஒண்டு பொய். உங்கடது உண்மையெண்டா இந்த மிஸ் அரசாங்கப் படிவத்தில பொய் எழுதியிரிக்கா. இது உண்மையெண்டா உங்கட ஆய்வு பொய். நான் கம்பஸுக்கு ஒரு கடிதம் போடவேண்டி வரும். எது எண்டு செல்லுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சேர் எழுதுறது. பன்னிரண்டு பேரும்..."

"பன்னிரண்டு பேரும் எழுதினதுக்கு என்னட்டச் சாட்சி இல்லையே தங்கச்சி. பதினொரு பேர் உங்களுக்கும் ஒன்பது மணி எண்டுதானே எழுதித் தந்திரிக்காங்க? நீங்களே அட்டவணை போட்டிரிக்கீங்க."

தேநீர் வந்தது. அதைக் குடித்தேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. குடித்தேன். பிறகு சொன்னேன்: "பின்னிணைப்பு உண்மை சேர்."

அவர் தலையசைத்து, ஆய்வேட்டை மிகக் கவனமாக மூடி வைத்தார்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. பரீட்சைப் படிவத்தில் பொய்யான நேரம் பதிந்தமை, விதித்த நேரத்துக்கு மேல் பரீட்சை நடத்தியமை என்று இரண்டு குற்றங்கள். லோர்னா மிஸ் மறுக்கவில்லை. பதினொரு பிள்ளைகளின் புள்ளிகளும் இரத்துச் செய்யப்பட்டன. கண்ணகையின் பெயரும் மற்றப் பிள்ளையின் பெயரும் விசேட வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. லோர்னா மிஸ்ஸுக்கு மாவட்டத்தின் வடக்கு எல்லையில், வாகரைக்கும் அப்பால் இடமாற்றம் கிடைத்தது. மற்றப் பதினொரு மேற்பார்வையாளர்களுக்கும் நேரந் தவறாமைக்காக நன்றி தெரிவித்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

அவர் பாடசாலையை விட்டுப் போன நாளில், மன்னிப்புக் கேட்பதற்காகப் பாதைத் துறையில் காத்துநின்றேன். மேற்கே இருந்து பாதை வந்தது. அவருடைய கைகளில் இரண்டு பைகளும் பிள்ளைகள் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் இருந்தன. கரையில் இறங்கியவர் என்னைக் கண்டதும் நின்றார். நான் கையைக் கூப்பினேன்.

"கையை இறக்குகா. சனம் பாக்குது."

"மிஸ், நான் அழிச்சனான். மூண்டு தரம் அழிச்சனான்."

"தெரியும். விசாரணையில காட்டினாங்க. நல்ல வடிவா அழிச்சிரிக்காய்." சிரித்தார். எனக்கும் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவர்ட சான்றிதழ எழுதக்குள்ள அந்த நீட்டுப் பேருக்கு இடம் காணாம நான் பட்ட பாடு! அதுவே மறுகா எனக்குச் சாட்சியா வந்திட்டு."

"அது உண்மையில்லையெண்டு நான் செல்லியிருக்கலாம் மிஸ்."

"ஓம். செல்லியிருக்கலாம்."

அதற்குமேல் அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை என்றோ, நீ என்ன செய்வாய் என்றோ. பூச்சாடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்குக் கோபமில்லையெண்டு செல்லமாட்டன். அது பொய். உனக்கு ஒருக்கா உண்மைய எழுதித்தந்தன், அது காணும். இனி நானும் ஒன்பது மணியெண்டே எழுதுவன். போய்ப் படி. வாய்மொழி வருதாமே?"

பேருந்து வந்தது. ஏறிவிட்டார்.

வாய்மொழிப் பரீட்சையில் பரிசோதகர்கள் பின்னிணைப்பு ஐந்தையே அதிகம் பாராட்டினார்கள். இத்தகைய மூல ஆவணம் கிடைப்பது அரிது என்றார்கள். விசேட சித்தியுடன் பட்டம் கிடைத்தது. ஆலோசகர் பதவியும் கிடைத்தது. அலுவலகம் ஒரு பாராட்டுச் சான்றிதழும் தந்தது. என் பெயரைக் கணினியில் அச்சிட்டிருந்தார்கள். பெயர் எழுதுவதற்கு இப்போது ஆள் இல்லை.

இன்று மேற்பார்வைப் படிவங்களைச் சரிபார்ப்பது என்னுடைய கடமை. சென்ற மாதமும் பார்த்தேன். பன்னிரண்டு படிவங்கள், பன்னிரண்டிலும் ஒன்பது மணி.

இனி எழுத எனக்குத் தெரியவில்லை. அளவிடப் படித்தவள் என்பதால் இழந்தவற்றை மட்டும் கூட்டி எழுதுகிறேன். பதினொரு பிள்ளைகளின் புள்ளிகள். விசேட வகுப்பில் இரண்டு இடங்கள். அவற்றில் ஒன்று கண்ணகையுடையது. ஒரு பாடசாலையின் ஐந்தாந் தர ஆசிரியை. அவ்விடம் ஏழு மாதங்களாக வெற்றிடமாக உள்ளது. லோர்னா மிஸ் அங்கே கழித்த பதினான்கு ஆண்டுகள். நான் கொடுத்த ஒரு வாக்கு. வலயத்தில் உண்மையான நேரம் எழுதப்பட்ட ஒரே ஒரு தாள். அதன் மூலப்பிரதியை விசாரணைக் கோப்புக்காக வாங்கிக்கொண்டார்கள், திரும்பத் தரவில்லை.