சென்னம்மாள் கிணற்று விருந்தாளிகள்

மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டில் சென்னம்மாளின் கிணற்றுக்குக் கடலோரத்து மீன்கள் வந்து சேர்ந்தது, குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, அவள் மறுபடியும் யூரியா போட்ட வாரத்தில். அன்று முதல் தண்ணீர் உப்புக் கரித்தது. கடல் போலவே ஏறி இறங்கவும் செய்தது. பஸ் கொண்டை ஊசி வளைவில் திணறுவதையே பேசித் தீராத ஊர், மீன் எந்த வழியாக ஏறியது என்று பெரிதாக விசாரிக்கவில்லை. வந்தது வந்தாயிற்று.

சென்னம்மாளின் கவலை வேறு. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. மலையேறி அவள் வீட்டுக்கு வந்த யாரும் வெறும் வயிற்றோடு இறங்கியதில்லை. பயிரைக்கூடப் பசியோடு விட மனம் வராமல், உரக்கடைக்காரர் ஒரு மூட்டை போடச் சொன்னால் இரண்டாகப் போடுகிற கை அது. ராகிக் களியை உருட்டி உருட்டிக் கிணற்றில் போட்டாள். சாமைச் சோறு போட்டாள். கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சையாகத் திரண்டு நாறியது. விடிந்து பார்த்தால் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. வீட்டில் சாவு விழுந்தது போல அவளுக்கு மனசு ஆறவில்லை. போதவில்லை போலும் என்று இன்னும் போட்டாள். இன்னும் செத்தன.

கிழங்கு ஏற்ற அடிவாரத்திலிருந்து லாரியோடு வந்த ஷாஹுல் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆறு கடலில் கலக்கிற ஊரில் தங்கையைக் கட்டிக்கொடுத்தவர்.

"இது மடவை மீனுங்கக்கா. பசியில வாயைத் தொறக்கலீங்க, மூச்சுக்குத் தவிக்குது. தங்கச்சி ஊர்லயும் இதே கதைதான். மேல போடற உரமெல்லாம் மழையில இறங்கி முகத்துவாரத்துல சேருது. பாசி மண்டி, அது அழுகறப்பத் தண்ணியில காத்தே இல்லாமப் போயிருதுங்க."

"அப்ப நாம போட்டது பத்தாமத்தான் இங்க வந்துதுகளா?"

"போட்டது தாங்காம வந்திருக்குதுங்கக்கா."

சென்னம்மாள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வெறுங்கையோடு கிணற்றடியில் நின்று, "கோவிச்சுக்காதீங்க சாமி, இனி ஒண்ணும் போட மாட்டேன்" என்று சொல்லி அழுதாள். மிச்ச யூரியாவை அடுத்து வந்த லாரியில் திருப்பி அனுப்பினாள். அந்த வருடம் கிழங்கு விரல் பருமன்தான் விழுந்தது. கணவர் ராசு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் சாமை விதைத்தார்கள். தண்ணீர் தெளிந்தது. மலையிலிருந்து இறங்கும் ஐயாறு பெருகிய ஐப்பசியில், பிழைத்த மீன்கள் வந்த வழியே போய்விட்டன.

மேட்டு வயல்காரர்கள் இன்னும் போடுகிறார்கள். அவர்கள் கிணற்றில் இப்போது நண்டு வந்திருப்பதாகக் கேள்வி. சென்னம்மாளின் கிணறு இன்றும் அமாவாசைக்கு ஏறும். அந்தத் தண்ணீரில் காய்ச்சுகிற கஞ்சிக்கு உப்புப் போடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை இரண்டொரு மடவைகள் வந்து, வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பாள்.