தட்டேந்திய பொதுக்குழு

"அத்தை, இன்னைக்கு நீங்க தோத்துட்டா என் படிப்பு பாதியில நிக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல காபியைக் குடிக்க விடு."

பல் டாக்டரம்மாவுக்கும் மருமகளுக்கும் காலையிலேயே இந்தப் பேச்சு. மருமகள் பகலில் ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்து, மாலையில் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். மாலை வகுப்புகளை மூடிவிட வேண்டும் என்று நிர்வாகம் துடித்துக்கொண்டிருந்தது. ஆட்சிமன்றத்தில் அதை எதிர்த்துப் பேச இருந்த ஒரே நாற்காலி முன்னாள் மாணவர் சங்கத்துடையது. அதில் உட்காருகிறவர் சங்கத் தலைவியான நம் டாக்டரம்மா. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு நூறு பேர் வராவிட்டால் சங்கம் கலைந்து நிர்வாகத்தின் கைக்குப் போய்விடும். நாற்காலியும் கூடவே போகும்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? அதே நாள், அதே நான்கு மணிக்குப் பெரிய அரங்கத்தில் 'பழைய மாணவர் பெருவிழா' என்று அறிவித்தது. விருந்து இலவசம், வந்து போக பஸ்ஸும் இலவசம். சங்கம் ஓர் அறை கேட்டபோதோ, "பார்த்துச் சொல்றோம்" என்று பதிவாளர் அலுவலகம் இழுத்தடித்தது. வேறு வழியில்லாமல் அழைப்பில், 'பல்கலைக்கழக வளாகத்தில்' என்று மட்டும் போட்டு அனுப்பினார்கள். கடைசியில் கிடைத்தது, வேதியியல் கூடத்துக்குப் பின்னால் உடைந்த ஸ்டூல்களைப் போட்டு வைத்திருக்கும் அறை.

நான்கு மணிக்கு அங்கே ஐந்தே பேர்.

"எங்கேப்பா நம்ம ஆளுங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சாப்பாட்டு வரிசையில" என்றார் பொருளாளர். படித்த காலத்திலிருந்தே அவருக்கு 'லாரி' என்று பெயர். மெதுவாகத்தான் கிளம்புவார், கிளம்பினால் நிற்கமாட்டார். "நானே ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வேற இருக்கு."

"நீ சாப்பிட்டியா?"

"ஒரே ஒரு கப்."

"துரோகி!"

பதிவாளர் வாசலில் எட்டிப் பார்த்தார். விடுதியில் டாக்டரம்மாவுக்கு ஒரு வருஷம் இளையவர். அப்போது அவருக்குப் பெயர் 'கொசு'.

"அக்கா, கோரம் இல்லையே? நூறு பேர் வேணுமே?"

"உள்ள வாடி கொசு. அந்த ஸ்டூல்ல உட்காராதே, அதுக்குக் கால் இல்ல."

"ஐயோ அக்கா, இங்க அந்தப் பேர் வேணாம். அரை மணி நேரம் பார்த்துட்டு, கூட்டம் நடக்கலைன்னு நான் எழுதிக் கொடுக்கணும். எனக்கென்ன ஆசையா?"

"ஆசையில்லாமத்தான் இந்தக் குடோனைக் கொடுத்தியா?"

"வேற ரூம் காலி இல்லக்கா."

"நீ இழுத்த இழுப்புல அழைப்புல ரூமே போட முடியல. வெறும் வளாகத்துலன்னு..." டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார். லாரியைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்பா, பெரிய அரங்கம் எங்க இருக்கு?"

"இதென்ன கேள்வி? வளாகத்துலதான்."

"எந்திரிங்க எல்லாரும்."

"அக்கா, எங்க கிளம்பிட்டீங்க?"

"பொதுக்குழுவுக்கு. நீயும் வா, எழுதணும்ல?"

அரங்கத்தில் சாப்பாட்டு வரிசை சுவரோரமாகச் சுற்றி வாசல் வரை நின்றது. வாங்கியவர்கள் தட்டும் கையுமாக அங்கங்கே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு நாற்காலியில் ஏறினார். லாரி அதைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடறவங்க சாப்பிடுங்க! இங்க பட்டம் வாங்கின எல்லாருமே சங்கத்து உறுப்பினர்தான். பொதுக்குழு ஆரம்பிச்சாச்சு!"

"வாய் நிறைய இருக்கு டாக்டர்!"

"அது போதும். வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாம இருக்கிறவங்ககிட்ட பேசித்தான் எனக்குப் பழக்கம். மாலை வகுப்பை மூடப் பார்க்கிறாங்க. வேணாம்னு சொல்ல நம்ம சங்கம் தனியா இருந்தாகணும். சரிங்கறவங்க கையைத் தூக்குங்க. கரண்டியோட தூக்கினாலும் சரி."

"நான் மாலை வகுப்புதான்!"

"எங்க அண்ணனும்!"

"ஏங்க, வரிசை நகருமா நகராதா?"

"நீ கையைத் தூக்குய்யா, தானா நகரும்!"

கரண்டிகள் உயர்ந்தன. தட்டுகளும் உயர்ந்தன. யாரோ ஒருவர் தலையில் குழம்பு சிந்தி ஒரு சின்னக் கலவரமும் நடந்தது.

மேடையில் உரையும் கையுமாக நின்ற துணைவேந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் இவங்க? நிறுத்தச் சொல்லுங்க!"

"பொதுக்குழு சார்" என்றார் பதிவாளர்.

"இது நம்ம விழா!"

"ஆமா சார், நம்ம செலவுலதான் நடக்குது."

"இவ்வளவு பேர் எப்படி வந்தாங்க?"

"நாமதான் சார் பஸ் விட்டோம்."

"கூட்டம் நடக்கலைன்னே எழுதுங்க."

பதிவாளர் அரங்கத்தைப் பார்த்தார். பிறகு, "இத்தனை கரண்டியை வச்சுக்கிட்டு எப்படி சார் எழுதறது?" என்றார்.

"கொசு, உன் கை எங்கடி?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எழுதிட்டிருக்கேன்க்கா. கை காலியில்ல."

வெளியே வந்ததும் டாக்டரம்மா மருமகளுக்குப் போன் போட்டார். "நாற்காலி நம்மகிட்டதான். மூடணும்னு அடுத்த மாசம் பேச்செடுப்பாங்க. எடுக்கட்டும், நான் விட்டாத்தானே?"

"ஐயையோ!" என்றாள் மருமகள்.

"என்னடி, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான் அத்தை. ஆனா இன்னைக்கு கிளாஸ்ல டெஸ்ட். எப்படியும் நீங்க தோத்துடுவீங்கன்னு நம்பி நான் ஒண்ணுமே படிக்கல."

"அடிப்பாவி! கிளாஸ் ஆறு மணிக்குத்தானே? கல்லாவுல வேற யாரையாவது உட்கார வச்சுட்டுப் புத்தகத்தை எடு!"